ஜூன் 22: ஸ்பெயினுக்கு ஆகாத நாளா, விசில் ஊதறவருக்கா?

பேரூர்_பெனால்டி | ஜூன் 22, காலை 7.10

ஏனுங்க, எல்லாரும் சௌக்கியமா? இப்பத்தான் டீயைக் குடிச்சுட்டு தினக்காலண்டர் தாளைக் கிழிச்சேன். ராகுகாலம், சூலம், யாருக்குச் சந்திராஷ்டமம் எல்லாம் போட்டிருக்காங்க. "ஸ்பெயின் அணிக்குக் காலிறுதி ஆகாது"ன்னு ஒரு வரி மட்டும் விட்டுப்போச்சு.

கணக்கைப் பாருங்க. 1986 ஜூன் 22, மெக்சிகோவுல புவெப்லா, ஃபுட்பால் உலகக் கோப்பைக் காலிறுதி. பெல்ஜியத்தோட 1-1, பெனால்டியில 4-5ன்னு காலி. 1996 ஜூன் 22, வெம்ப்ளி, யூரோங்கற ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. இங்கிலாந்தோட 0-0, பெனால்டியில 2-4. அந்த மேட்சுல சலினாஸ் போட்ட கோலை ஆஃப்சைடுன்னு தூக்கிட்டாங்க, ரீப்ளேயில பாத்தா மனுசன் ஒழுங்காத்தான் நின்னுருக்காரு. 2002 ஜூன் 22, தென்கொரியாவுல குவாங்ஜு, மறுபடியும் உலகக் கோப்பைக் காலிறுதி. கொரியாவோட 0-0, பெனால்டியில 3-5. மூணுமே காலிறுதி, மூணுமே பெனால்டி, மூணுமே இதே தேதி.

அப்புறம் 2008 யூரோ வந்துச்சு. வியன்னாவுல இத்தாலியோட காலிறுதி. தேதி? அதேதானுங்க. 120 நிமிசம் ஆடியும் 0-0. பெனால்டின்னதும் ஸ்பெயின்காரங்க முகத்துல ஈயாடலை. ஆனா கீப்பர் கசீயஸ் ரெண்டு தடுத்தாரு, கடைசிப் பந்தை ஃபாப்ரிகாஸ் உள்ளே தள்ளுனாரு, 4-2. அந்த வாரமே யூரோ கோப்பை. ரெண்டு வருசத்துல உலகக் கோப்பை.

இந்தத் தேதியில உங்களுக்கு மனசுல நிக்கறது எதுன்னு எழுதுங்க. ஒரே கண்டிசன், மெஸ்ஸி ரொனால்டோ பஞ்சாயத்து இங்க வேண்டாம்.

ஈரோடு_மஞ்சள்அட்டை | காலை 7.42

ஊரே மஞ்சள் ஊரு, பேரும் மஞ்சள் அட்டை. நான் வேற எதைச் சொல்லப்போறேன்?

2006 ஜூன் 22, ஸ்டுட்கார்ட். குரோஷியா ஆஸ்திரேலியா. இங்கிலாந்து ரெஃப்ரி கிரகாம் போல், ஒரே ஆளுக்கு மூணு மஞ்சள் கொடுத்தாரு. குரோஷியாவோட யோசிப் சிமுனிச்சுக்கு 61வது நிமிசம் ஒண்ணு, 90ல ரெண்டாவது. அதோட சிவப்பு எடுத்திருக்கணுமில்ல? எடுக்கலை. இஞ்சுரி டைம்ல மூணாவது மஞ்சள் காட்டுனப்பறந்தான் சிவப்பு வெளியே வந்துச்சு.

காரணம் சின்னதுதான். சிமுனிச் பொறந்தது ஆஸ்திரேலியாவுல, கான்பெராவுல. பேசுனா அந்த ஊர் இங்கிலீஷ். முதுகுல 3. ஆஸ்திரேலியா டீம்லயும் ஒரு 3 இருந்தாரு, கிரெய்க் மூர். ரெண்டாவது அட்டையை ரெஃப்ரி நோட்டுல ஆஸ்திரேலியா 3ன்னு எழுதிட்டாரு. மஞ்சமண்டியில சரக்கு ஒருத்தருது, சீட்டு இன்னொருத்தர் பேர்ல விழுந்த கதை. மேட்ச் 2-2, கியூவெல் போட்ட கோலால ஆஸ்திரேலியா அடுத்த சுத்துக்குப் போயிருச்சு. போல் அதுக்கப்பறம் பெரிய சர்வதேசப் போட்டித் தொடர் எதுலயும் விசில் ஊதலை.

தென்னந்தோப்பு_10 | காலை 9.05

ரெண்டு பதிவு ஓடியும் இன்னும் யாரும் 1986 ஆஸ்டெகா மைதானத்துல நடந்த அர்ஜென்டினா இங்கிலாந்து மேட்சைச் சொல்லலையா? பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து நான் ஒருத்தன் உசுரோட இருக்கறேன்னு மறந்துட்டீங்களாட்ட இருக்குது.

அப்ப எனக்குப் பதினேழு. எங்க தோட்டத்துல டி.வி. கிடையாது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா ஊட்ல ஒரு சாலிடேர். கருப்பு வெள்ளை, மரப்பொட்டி, முன்னால இழுத்துச் சாத்தற கதவு. ஞாயித்துக்கிழமை ராத்திரி. நம்ம கடிகாரத்துல பதினொண்ணரைக்கு மேட்ச். வாசல்ல கயித்துக்கட்டில் போட்டு பத்துப் பேரு.

எங்க பக்கம் கரண்டு போறதைவிட வோல்டேஜ் எறங்கறதுதான் பெரிய தொல்லை. ராத்திரி மும்முனை வந்துட்டா நாலு கெணத்துலயும் மோட்டாரைப் போட்டுடுவாங்க. உடனே டி.வி. படம் நாலு பக்கமும் கருப்புக் கட்டி, நடுவுல சுருங்கி நிக்கும். மரடோனாவே அஞ்சரை அடி, அந்த டி.வி.ல அரை இஞ்சு ஆயிட்டாரு. இடைவேளை முடிஞ்சு ஆட்டம் தொடங்குனதும் பெரியப்பா, "கண்ணு, ஓடிப்போயி நம்ம மோட்டாரை நிறுத்திட்டு வா, ஒண்ணுந் தெரியமாட்டேங்குது"ன்னாரு. டார்ச்சை எடுத்துட்டு வரப்புல ஓடுனேன். மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டரோட சிவப்புப் பட்டனை அமுக்கறேன், மோட்டாரு ஓய்ஞ்சு அடங்குது, அந்த அமைதியில ஊட்ல இருந்து ஒரே கூச்சல். 51வது நிமிசம். உலகமே இன்னிவரைக்கும் பேசற அந்தக் கை கோலை மரடோனா கையால தட்டி உள்ளே போட்டப்ப நான் தவளைச் சத்தத்துக்கு நடுவுல நின்னுட்டிருந்தேன்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து உக்காந்தா, படம் முழுசா விரிஞ்சிருக்கு. அப்ப வந்தது பாருங்க ரெண்டாவது கோலு. 55வது நிமிசம். தன்னோட பாதியிலேயே என்ரிகே கிட்ட இருந்து பந்தை வாங்கி, பியர்ட்ஸ்லி, ரீட் ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சுழல். அப்புறம் புட்சர், ஃபென்விக், கடைசியா கீப்பர் ஷில்டனையும் தாண்டி, விட்ட எடத்துல இருந்து தொரத்திட்டு வந்த புட்சர் காலை நீட்டறதுக்குள்ள உள்ளே. அந்தப் பாஸைக் கொடுத்த என்ரிகே பொறவு, "நான் கொடுத்த பாஸுக்குக் கோல் அடிக்காம விட்டாத்தான் ஆச்சரியம்"ங்கற மாதிரி கிண்டல் பண்ணுவாராம். அந்த ஆளுக்கும் நம்மூரு குசும்பு இருந்திருக்குது.

அந்த முதல் கோலு தலையில அடிச்சதுன்னுதான் ரெண்டு நாள் நெனச்சுட்டு இருந்தேன். பேப்பர்ல போட்டோ பாத்தப்பறந்தான் சங்கதியே புரிஞ்சுது. லினேக்கர் ஒண்ணு திருப்பி அடிச்சும் 2-1.

கணக்குப்புள்ள_காங்கேயம் | காலை 9.31

ஒரு சந்தேகமுங்க. தென்னந்தோப்பு அண்ணன் பாத்த மேட்ச் நம்ம நேரத்துக்கு ராத்திரி பதினொண்ணரைக்கு ஆரம்பிச்சதுன்னா, ரெண்டு கோலும் விழுகறப்ப மணி பன்னெண்டரையைத் தாண்டியிருக்கணும். அப்ப நமக்கு அது ஜூன் 23. ஸ்பெயின் 1986ல தோத்த மேட்ச் அதுக்கும் பின்னால, நமக்கு விடியக்காலம். 2008ம் நமக்கு நடுராத்திரிக்கு மேலதான். நம்ம காலண்டர்ப்படி பாத்தா ஸ்பெயின் சாபம் 1996, 2002 ரெண்டே மேட்சுதான். சாபம் தீந்ததும் 23ல. ஆக இந்த இழையோட தலைப்பே தப்புங்க.

பேரூர்_பெனால்டி | காலை 9.40

கணக்குப்புள்ள, ஆடுன மண்ணுல என்ன தேதியோ அதுதான் தேதி. உங்க ஒறம்பரைக்காரர் பையனுக்கு அமெரிக்காவுல கொழந்தை பொறந்தா ஜாதகத்தை எந்த ஊரு நேரத்துக்குக் கணிப்பீங்க?

கணக்குப்புள்ள_காங்கேயம் | காலை 9.44

பொறந்த ஊருக்குத்தான். ஒத்துக்கறேன். விட்டுட்டேன்.

பனியன்_பேக்கிங் | காலை 10.50

செக்கிங் டேபிள்ல நின்னுட்டே படிச்சேன், சூப்பர்வைசர் பாக்கலை. திருப்பூர்க்காரன் கண்ணுல மரடோனாவோட காலைவிட அவர் போட்டிருந்த சட்டைதான் மொதல்ல படும்.

இங்கிலாந்தோட ஆடறப்ப அர்ஜென்டினா வழக்கமான வெள்ளை நீலப் பட்டையில வரலை, அடர் நீலம். முந்தின மேட்சுல உருகுவேயோட ஆடறப்பவும் நீலந்தான். ஆனா அது தடிச்ச காட்டன். மழையிலயும் வேர்வையிலயும் நனைஞ்சா ஒடம்புல ஈரச்சாக்குக் கட்டுன மாதிரி. மெக்சிகோவுல உச்சி வெயில், பகல் பன்னெண்டு மணி ஆட்டம், ஊரோ கடல்மட்டத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்கு மேல. கோச் பிலார்டோ இது ஆகாதுன்னுட்டாரு. கம்பெனியில அவசரத்துக்கு வேற சட்டை இல்லை. டீம் ஆளு ஒருத்தர் மெக்சிகோ சிட்டிக் கடைகள்ல அலைஞ்சு லேசான நீலச் சட்டைகளைப் புடிச்சுட்டு வந்தாரு. ரெண்டு மாதிரியில எதுன்னு கோச் யோசிச்சுட்டு இருக்கறப்ப மரடோனா வந்து ஒண்ணைக் காட்டி, "இது நல்லாருக்கு, இதைப் போட்டுத்தான் இங்கிலாந்தை ஜெயிக்கப்போறோம்"னாராம். உடனே தையல்காரம்மாக்களை உக்கார வெச்சு சின்னத்தைத் தச்சு, வெள்ளி மினுக்கற நம்பரை அயர்ன் பண்ணி ஒட்டுனாங்க.

எங்க கம்பெனியா இருந்தா, நம்பர் ஒட்டுனதை ஒருதரம் துவைச்சுப் பாத்து, இழுத்துப் பாத்து, அப்பறந்தான் பாஸ் பண்ணுவோம். அங்க அதுக்கு நேரமில்லை. நேரா மைதானம். அந்த 10 உதிராம நின்னுச்சு பாருங்க, அதுக்கே அந்தம்மாக்களுக்கு ஒரு சலாம்.

மேட்ச் முடிஞ்சதும் அந்தச் சட்டையை மாத்திக்கிட்டது ஸ்டீவ் ஹாட்ஜ். யாரு தெரியுங்களா? கை கோலுக்கு முன்னால பந்தைத் தப்பா மேல தூக்கிப்போட்டுத் தன் கீப்பருக்கே வினை வெச்ச அதே ஆளு. 2022 மே மாசம் அது ஏலத்துல 71 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. நம்ம காசுல 60 கோடிக்கு மேல. ஒரு பீஸு! லஞ்ச் பெல் அடிக்கறதுக்குள்ள எத்தனை பீஸ் எங்க கை வழியாப் போகுதுன்னு நெனச்சா சிரிப்புத்தான் வருது.

கோபி_பிடி_மிஸ் | பகல் 1.15

மூன்றாவது பீரியடில் இருந்து இந்த இழையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எல்லாரும் சிரிக்கிற நேரத்தில் நான் வேறு ஒன்றைச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 ஜூன் 22. கலிபோர்னியாவில் ரோஸ் பவுல் மைதானம். அமெரிக்காவும் கொலம்பியாவும். கொலம்பியா அப்போது எப்பேர்ப்பட்ட அணி! அதற்கு முந்தைய செப்டம்பரில் புவனஸ் அயர்ஸிலேயே போய் அர்ஜென்டினாவை 5-0 என்று அடித்துவிட்டு வந்தவர்கள். கோப்பை இவர்களுக்குத்தான் என்று பெலேயே சொன்னார். முதல் ஆட்டத்தில் ருமேனியாவிடம் தோற்றதால் இதில் ஜெயித்தே ஆகவேண்டும். இடது பக்கத்திலிருந்து ஹார்க்ஸ் குறுக்கே அடித்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டிச் சறுக்கினார் ஆந்த்ரேஸ் எஸ்கோபார். தடுப்பாட்டக்காரர் செய்ய வேண்டியது அதுதான், நானும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பந்து அவர் காலில் பட்டுச் சொந்த கோலுக்குள் போனது. 2-1 என்று அமெரிக்கா ஜெயித்தது. கொலம்பியா முதல் சுற்றோடு வெளியேறியது. ஊர் திரும்பிய எஸ்கோபாரை ஜூலை 2 அதிகாலை மெடயினில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சுட்டுக் கொன்றார்கள். வயது 27.

அந்த வீடியோவில் நான் பார்ப்பது கோலை அல்ல. அதன் பிறகு அவர் மல்லாந்து கிடந்து, இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோகிற அந்தச் சில நொடிகளை. போன வருடம் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி மண்டலப் போட்டியில் சேம்சைடு கோல் போட்டுவிட்டாள். அவளும் அப்படியேதான் கிடந்தாள். மற்ற பிள்ளைகள் கிட்டப் போகவே தயங்கினார்கள். நான் கோட்டுக்கு வெளியே இருந்து, "ஏய், எந்திரிச்சு பந்தை எடுத்துட்டு வா அம்மிணி, நடுவுல வெக்கணும்" என்று கத்தினேன். வேறு என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.

மனசு கொஞ்சம் லேசாக இன்னொன்று. 1974 ஜூன் 22, ஹாம்பர்க். கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் உலகக் கோப்பையில் மோதிய ஒரே ஆட்டம். 77வது நிமிடம் ஸ்பார்வாசர் அடித்த கோலில் கிழக்கு 1-0. பனியன் தம்பிக்காகச் சொல்கிறேன், சட்டைக் கதை இதிலும் உண்டு: ஸ்பார்வாசரும் பால் பிரைட்னரும் ஆட்டம் முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டார்கள். தோற்ற மேற்கு, பிரிவில் இரண்டாம் இடம் வந்ததால் பிரேசிலும் நெதர்லாந்தும் இருந்த கடினமான அடுத்த பிரிவிலிருந்து தப்பித்தது, கடைசியில் கோப்பையையும் வாங்கியது. அந்த கோலை அடித்த ஸ்பார்வாசரோ 1988இல் மேற்கு ஜெர்மனிக்கே போய்விட்டார்.

சிங்கை_சிங்கம் | பகல் 1.48

எல்லாம் வெளிநாட்டுக் கதையாவே இருக்குதே? நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டி டீம் ஐ-லீக் கோப்பை தூக்குனதை எழுதுங்கப்பா. மினர்வா மொதல்ல ஒண்ணு அடிச்சு ஸ்டேடியமே கப்சிப்னு ஆகி, அப்பறம் மூணு அடிச்சு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்டுல முந்தி...

பேரூர்_பெனால்டி | பகல் 1.55

நானும் அந்தக் கூட்டத்துலதான் தொண்டையைக் கிழிச்சுட்டு நின்னேன் மாப்ள. ஆனா அது 2019 மார்ச் 9. மார்ச் 9க்கு வா, தனி இழையே போட்டுத் தர்றேன்.

சிங்கை_சிங்கம் | பகல் 1.57

சரி, 1992ஐயாவது சேத்துக்கோங்க. யுகோஸ்லாவியாவைத் தள்ளிவெச்சதால கடைசி நேரத்துல உள்ளே வந்த டென்மார்க், ஜூன் 22 யூரோ அரையிறுதியில நெதர்லாந்தைப் பெனால்டியில சாச்சுது. மிஸ் பண்ணது யாரு, வான் பாஸ்டன்! டென்மார்க் கீப்பர் ஷ்மைக்கேல் தடுத்துட்டாரு. நாலே நாள்ல கோப்பை.

தென்னந்தோப்பு_10 | மாலை 4.20

2002 கொரியா மேட்சைப் பேரூர்க்காரர் ஒத்தை வரியில தாண்டிட்டாரு. நம்ம நேரத்துக்குச் சனிக்கிழமை பகல் பன்னெண்டு மணி. டென் ஸ்போர்ட்ஸ் புதுசா வந்த வருசம். தேங்கா உரிக்கற ஆளுங்களுக்குச் சோறு போடறதை விட்டுட்டு டி.வி. முன்னால உக்காந்து ஊட்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஸ்பெயின் தலையில முட்டி உள்ளே போன பந்தை ஃபவுல்னு ரத்து பண்ணாங்க. கூடுதல் நேரத்துல ஹோவாகின் கோட்டுக்கிட்ட இருந்து தூக்கிப்போட, மோரியன்டஸ் முட்டி உள்ளே தள்ளுனாரு. அப்ப கோல்டன் கோல் சட்டம், அது செல்லுபடியாகியிருந்தா அங்கயே ஆட்டம் முடிஞ்சிருக்கும். ஹோவாகின் அடிக்கறதுக்கு முன்னாலயே பந்து கோட்டைத் தாண்டிருச்சுன்னு லைன்மேன் கொடியைத் தூக்கிட்டாரு. தாண்டவே இல்லைங்க! கடைசியில பெனால்டியைத் தவறவிட்டதும் அதே ஹோவாகின்தான்.

ஒரே கேள்வி. அந்த லைன்மேன் கண்ணு எங்க இருந்துச்சு? ஆஸ்டெகாவுல இருந்தவரு கண்ணு எங்க போச்சு? சம்பளம் வாங்கிட்டுப் பராக்குப் பாக்கறதுக்கா கொடி?

லைன்மேன்_67 | இரவு 8.35

மூணு வருசமா இங்க படிக்க மட்டுந்தான் வர்றேன். இன்னிக்கு எழுதலாம்னு தோணுச்சு. தட்டச்சு மெதுவாத்தான் வரும்.

தென்னந்தோப்புக்காரரே, ஆஸ்டெகாவுல கொடி புடிச்சவர் பேரு போக்தன் டோச்சேவ், பல்கேரியாக்காரர். ரெஃப்ரி அலி பின் நாசர், துனீசியா. கோல் விழுந்ததும் பின் நாசர் டோச்சேவைத்தான் பாத்தாராம். அவரு நடுக்கோட்டைப் பாத்துத் திரும்பி ஓடவே, அப்ப கோல்தான்னு முடிவு பண்ணிட்டாராம். டோச்சேவ் என்ன சொன்னாருன்னா, ஏதோ சரியில்லைன்னு தனக்குத் தோணுச்சு, ஆனா ரெஃப்ரி கோல் கொடுத்துட்டா லைன்மேன் போயிப் பேசற வழக்கம் அப்ப இல்லைன்னாரு. இப்பத்த மாதிரி காதுல மைக்கு இல்லை. டோச்சேவ் சாகறமட்டும் அவரு மேல இவரு, இவரு மேல அவருன்னு சொல்ற நெலைமை. மரடோனா 2015ல துனீசியாவுக்குப் போயி பின் நாசரைக் கட்டிப்புடிச்சுச் சட்டை கொடுத்துட்டு வந்தாரு. டோச்சேவை யாரும் கட்டிப்புடிச்ச மாதிரி தெரியலை.

இதை ஏன் சொல்றேன்னா, எனக்கும் ஒரு டோச்சேவ் கதை உண்டு. முப்பது வருசம் ஆகப்போகுது. கேரளா எல்லையை ஒட்டுன ஒரு ஊர்ல செவன்ஸ் டோர்னமெண்ட், டீமுக்கு ஏழு பேரு. அறுப்பு முடிஞ்ச வயல், சுண்ணாம்புக் கோடு, மூங்கில் கோல்போஸ்ட். ஃபைனல். நான் கெழக்குப் பக்கக் கோட்டுல, மூஞ்சிக்கு நேரா மேக்க எறங்கற வெயிலு. உள்ளூர் டீம் ஸ்ட்ரைக்கர் எகிறுனான், கீப்பர் எகிறுனான், பந்து உள்ளே. ரெஃப்ரி என்னைத் திரும்பிப் பாத்தாரு.

வெயிலு கண்ணுல அடிச்சுதுன்னு இத்தனை வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கறேன். அடிச்சது நெசந்தான். ஆனா பந்து கையில பட்ட சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தலையில பட்டா ஒரு மாதிரி, கையில பட்டா ஒரு மாதிரி, வெளையாடுனவங்களுக்குத் தெரியும். பின்னால ஆயிரம் பேரு கத்தறான். என்ற காலு தானா நடுக்கோட்டைப் பாத்து ஓட ஆரம்பிச்சிருச்சு. நான் ஓடச் சொல்லலைங்க, அதுவா ஓடுச்சு. நாலு எட்டு வெச்சப்பறம் நின்னு திரும்பி, இல்லைன்னு கொடியை ஆட்டறதுக்கு ஒரு தைரியம் வேணும் பாருங்க, அது வரலை.

ஆட்டம் முடிஞ்சு எனக்குப் பக்கத்துல இருந்த தண்ணிக் கொடத்துக்கு அந்தக் கீப்பர் பையன் வந்தான். பத்தொம்பது இருவது வயசிருக்கும். ரெண்டு சொம்பு குடிச்சான். மூணாவதை மூஞ்சியில ஊத்திக்கிட்டு, "பாத்தீங்ளா மாமா?"ன்னு கேட்டான். சத்தம்கூடப் போடலை. நான், "வெயிலு கண்ணு, தெரியலை"ன்னேன். சொம்பைக் கவுத்து வெச்சுட்டுப் போயிட்டான். அந்தப் பையன் நாலு வார்த்தை கெட்டதாத் திட்டியிருந்தா நானே மறந்திருப்பேன்.

தென்னந்தோப்பு_10 | இரவு 8.58

அண்ணா, சாயங்காலம் எழுதுன அந்தக் கடைசி வரியை எடுத்துக்கறேன். நீங்க இருக்கறீங்கன்னு தெரியாதுங்க.

லைன்மேன்_67 | இரவு 9.04

எடுக்காதீங்க, இருக்கட்டும். நியாயமான கேள்விதான்.

கோபி_பிடி_மிஸ் | இரவு 9.12

ஐயா, அந்தச் சத்தம் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பேரூர்_பெனால்டி | இரவு 9.20

அண்ணா, ஒரு விண்ணப்பம். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு நம்ம பசங்களுக்குள்ள ஒரு சின்ன மேட்ச் இருக்குது, பேரூர் ரோட்டுப் பக்கம். ரெஃப்ரி ஆள் இருக்கு, கொடிக்குத்தான் ஆள் இல்லை. வர முடியுங்களா? வெயில் ஏறதுக்கு முன்னாலயே முடிச்சர்லாம்.

லைன்மேன்_67 | இரவு 9.31

வர்றனுங்க. ரெண்டு கண்ணுலயும் பொரை எடுத்து ஆறு மாசமாச்சு, இப்ப பந்துல இருக்கற தையல்கூடத் தெரியுது. ஆனா என்னை மேக்குப் பக்கக் கோட்டுல நிறுத்துங்க. காலையில வெயிலு கெழக்க இருந்து நேரா என்ற மூஞ்சியிலதான் அடிக்கும், அடிக்கட்டும்.